சுண்ணாம்பு சேர்த்த பிறகும் மஞ்சளாகவே இருக்கும் குரோம் கழிவுநீர்

குரோம் முலாம் பிரிவின் அலசுநீரில் சுண்ணாம்பு சேர்த்து வண்டலைப் பிரித்த பின்னும் தெளிந்த நீர் மஞ்சளாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தீர்வு உண்டு. ஆனால் துத்தநாக முலாம் பிரிவின் சயனைடு அலசுநீரும் அதே குழாயில் வந்து சேர்வதாக நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. அமிலமும் சயனைடும் கலந்தால் உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். ஆகவே அந்தக் குழாயை முற்றிலும் பிரித்துத் தனித் தொட்டிக்குத் திருப்பும்வரை, கீழே சொல்லும் எதையும் தொடங்காதீர்கள்.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அறுமதிப்புக் குரோமியம், அதாவது Cr(VI) எனப்படும் குரோமிய வடிவம். அது காரத்திலும் கரைந்தே இருக்கும் என்பதால், எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் படியாது. முதலில் கந்தக அமிலத்தால் பிஎச் (அமில-கார) அளவை 2 முதல் 3-க்குள் இறக்கி, அதை மும்மதிப்புக் குரோமியமாக மாற்றும் சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது சிறிதாகக் கலந்து, மஞ்சள் நீங்கிப் பச்சை தோன்றிய பிறகே பிஎச்சை 8 முதல் 9 வரை உயர்த்துங்கள். அப்போது மும்மதிப்புக் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். இடையில் மூச்சை அடைக்கும் சல்பர் டைஆக்சைடு வெளிவரும். தொட்டிக்கு மூடியும் எக்ஸாஸ்ட் விசிறியும் கட்டாயம். நிறத்தை மட்டும் நம்பாமல், அறுமதிப்புக் குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் டைஃபீனைல்கார்பசைடு சோதனையில் ஊதா நிறம் வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே நீரை வெளியே விடுங்கள்.