வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துபவருக்கு டிபிஎஸ் சான்றிதழ்: எந்த நிலை, எந்த வழி?

கேள்வி: நான் 2022-இல் சென்னையிலிருந்து லண்டன் ஹாரோவுக்கு வந்தேன். வீட்டு முன்னறையில் வாரந்தோறும் பதினான்கு பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஊதியமின்றிப் பாட்டு வகுப்பும் எடுக்கிறேன். அந்தப் பள்ளி மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு டிபிஎஸ் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தது. புதிதாகச் சேர வந்த மாணவியின் தாயார், "உங்களுக்கு டிபிஎஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். பள்ளியின் சான்றிதழைக் காட்டினால் போதுமா? சொந்தத் தொழில் செய்பவர் அதைத் தாமே எடுக்க முடியாது என்று தோழி சொல்கிறாரே, உண்மையா? இது சட்டப்படி கட்டாயமா? என் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவரையும் விசாரிப்பார்களா?

பதில்: டிபிஎஸ் என்பது ஒருவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு. உங்கள் தோழி சொன்னது அண்மைக்காலம் வரை சரியாகவே இருந்தது, இப்போது சரியில்லை. ஆனால் முதலில் கட்டாயமா என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் பெற்றோரும் ஆசிரியரும் ஒருசேரத் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியாக இசை கற்பிக்கும் ஒருவர் டிபிஎஸ் சான்றிதழ் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் சொல்வது வேறு: பிள்ளைகளோடு பணியாற்றத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் இப்படிப்பட்ட வகுப்பை நடத்தினால் அது குற்றம், அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கடமை மட்டும், வீட்டு வகுப்பைப் பொறுத்தவரை, யார் தலையிலும் சுமத்தப்படவில்லை. பள்ளியில் தலைமையாசிரியர் பார்ப்பார், மன்றத்தில் செயலாளர் பார்ப்பார், உங்கள் முன்னறையில் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அந்தத் தாயார் கேட்டது அந்த வெற்றிடத்தை நிரப்பும் கேள்வி. அதை உங்கள் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைகளோடு பணியாற்றுபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் பிவிஜி என்ற திட்டத்தில் உறுப்பினராக இருப்பது 2025 ஏப்ரல் 1 முதல் இத்தகைய பணிகளுக்குச் சட்டப்படி கட்டாயம். வட அயர்லாந்தில் அக்சஸ் என்ஐ என்ற தனி அமைப்பு இருக்கிறது. நீங்கள் ஹாரோவில் இருப்பதால் இனி நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியது மட்டுமே.

சொந்தமாக எடுக்க முடியாது என்ற நிலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2002-இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அங்கே ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். அவர் மீது வேறோர் ஊரில் பல புகார்கள் காவல் துறைக்கு வந்திருந்தும், அவை தண்டனையில் முடியாததால், வேலைக்கு எடுத்தவர்களின் காதுக்கு எட்டவில்லை. அதை விசாரித்த பிச்சார்ட் குழுவின் அறிக்கை 2004-இல் வந்தது, அதன் வழியே 2006-இல் ஒரு சட்டம் வந்தது, 2012 டிசம்பரில் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து டிபிஎஸ் உருவானது. இந்த ஏற்பாடு முழுவதும் 'வேலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் கேட்பார்' என்ற அடிப்படையில் கட்டப்பட்டது. தமக்குத் தாமே முதலாளியாக இருக்கும் பாட்டு டீச்சர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. தம்மைப் பற்றித் தாமே கேட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராததால், அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'பேசிக்' எனப்படும் அடிப்படைச் சான்றிதழ்தான். முன்னாள் காவல் துறை உயரதிகாரி சைமன் பெய்லி இந்த ஏற்பாட்டைப் பற்றி நடத்திய மறுஆய்வின் அறிக்கை 2023-இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. 2026 ஜனவரி 21 முதல், சொந்தத் தொழிலாகப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களும் 'என்ஹான்ஸ்டு' எனப்படும் மேம்பட்ட சான்றிதழைத் தடைப் பட்டியல் சோதனையோடு சேர்த்துப் பெற வழி திறந்துவிட்டது.

இந்த இரண்டு சான்றிதழ்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அடிப்படைச் சான்றிதழ், இன்னும் காலாவதியாகாத தண்டனைகளையும் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கைகளையும் மட்டுமே காட்டும், தடைப் பட்டியலைத் திறந்தே பார்க்காது. அதாவது, நீதிமன்றத்தில் தண்டனை பெறாமலேயே தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஒருவர், கறையே இல்லாத அடிப்படைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றோரிடம் நீட்ட முடியும். மேம்பட்ட சான்றிதழோ பழைய தண்டனைகளையும், தொடர்புடையவை என்று காவல் துறை கருதும் பிற தகவல்களையும் எடுத்துவரும். சோஹமில் விட்டுப்போனது இந்தக் கடைசிப் பகுதிதான்.

மேம்பட்டதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சான்றிதழைக் கையில் எடுத்தால் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 'நன் ரெக்கார்டட்' என்று இருந்தால் தேடினார்கள், எதுவும் இல்லை என்று பொருள். பிள்ளைகளுக்கான தடைப் பட்டியல் கட்டத்தில் 'நாட் ரிக்வெஸ்டட்' என்று இருந்தால் தேடச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை என்று பொருள். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விண்ணப்பிக்கும்போதே தடைப் பட்டியல் சோதனையும் வேண்டும் என்று சொல்லுங்கள். வாரம் ஒரு முறையோ அதற்கு மேலோ, அல்லது முப்பது நாளில் நான்கு நாட்களோ பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு. நீங்கள் வாரந்தோறும் நடத்துவதால் இதில் ஐயமே இல்லை.

இப்போது தமிழ்ப் பள்ளியின் சான்றிதழுக்கு வருவோம். நீங்கள் அங்கே தொண்டராகப் பணியாற்றுவதால் அது உங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைத்திருக்கும். டிபிஎஸ் தொண்டர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் சலுகை ஊதியமற்ற பணிக்கு உரியது, மாதக் கட்டணம் வாங்கும் வீட்டு வகுப்புக்கு அதைக் கொண்டுவர முடியாது. சான்றிதழில் காலாவதித் தேதி என்று ஒன்று அச்சிடப்படுவதில்லை என்றாலும், அது அச்சான நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்கிறது. மூன்றாண்டுக்கு முந்தைய நிலவரத்தை அந்தத் தாயார் ஏற்பதும் ஏற்காததும் அவர் விருப்பம். காட்டுவதில் தவறில்லை, ஆனால் "இது பள்ளிக்காக எடுத்தது" என்று சொல்லிக் காட்டுங்கள்.

புதிதாக எடுக்க நீங்கள் நேரடியாக டிபிஎஸ்ஸுக்கு எழுத முடியாது. 'அம்பிரெல்லா பாடி' எனப்படும் பதிவுபெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியே போக வேண்டும். அரசு இணையதளத்தில் அவற்றின் பட்டியல் இருக்கிறது. இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் மியூசிஷியன்ஸ், மியூசிஷியன்ஸ் யூனியன் ஆகிய இரு சங்கங்களும் தம் உறுப்பினர்களுக்கு இந்தச் சேவையைச் செய்து தருகின்றன. டிபிஎஸ் கட்டணம் 2024 டிசம்பரிலிருந்து 49 பவுண்டு 50 பென்ஸ், அதற்கு மேல் இடைநிலை நிறுவனம் தன் சேவைக்கட்டணத்தைச் சேர்க்கும். இந்தச் சேவைக்கட்டணம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுபடுவதால், இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம்மவர்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பெயர்தான். கடவுச்சீட்டில் 'கல்யாணி ராமசாமி', வங்கிக் கணக்கில் 'ஆர். கல்யாணி', திருமணத்துக்குப் பின் வந்த ஆவணத்தில் கணவர் பெயரோடு வேறொரு வடிவம், நம் ஊர்ப் பட்டச் சான்றிதழில் இன்னொன்று. நமக்கு இவை அனைத்தும் ஒரே ஆள், கணினிக்கு நான்கு பேர். இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதோடு, விண்ணப்பம் கேட்கும். முன்னெழுத்து வடிவத்தையும் ஒரு பெயராகவே எழுதிவிடுங்கள். கடந்த ஐந்தாண்டு முகவரிகளும் இடைவெளி விடாமல் வேண்டும், ஆகவே சென்னையில் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் முகவரியும் நீங்கள் அங்கே இருந்த மாதங்களும் அதில் இடம்பெற வேண்டும். மூன்று அடையாள ஆவணங்களில் ஒன்றாவது கடவுச்சீட்டு போன்ற முதல் வரிசை ஆவணமாக இருப்பது வழக்கம்.

உங்கள் கணவர் பற்றிய கேள்விக்கும் விடை இந்த விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் தம் வீட்டிலேயே பிள்ளைகளோடு பணியாற்றுகிறாரா என்று ஒரு கேள்வி அதில் வரும். "ஆம்" என்று பதில் எழுத வேண்டும், வேறு பதில் உண்மைக்கு மாறானது. அப்படி எழுதினால், அந்த முகவரியில் வசிக்கும் மற்றவர்களைப் பற்றிய தகவல் ஏதாவது தொடர்புடையதாக இருக்கிறதா என்றும் காவல் துறை பார்க்கலாம். அவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, அவருடைய பெயரில் சான்றிதழும் வராது. இருந்தாலும், கையெழுத்திடுவதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

டிபிஎஸ்ஸுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளை அது பார்ப்பதில்லை. உங்கள் வாழ்வின் பெரும்பகுதி சென்னையில் கழிந்திருக்க, இங்கே வாழ்ந்த சில ஆண்டுகளைப் பற்றி மட்டும் பேசும் ஒரு தாளுக்கு எவ்வளவு எடை என்று விவரம் தெரிந்த பெற்றோர் கேட்பார்கள். அதற்கு இந்தியத் தூதரகத்தின் வழியே காவல் துறைச் சான்றிதழ், அதாவது பிசிசி, வாங்கி வைத்துக்கொள்ளலாம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் நாட்டுக் காவல் துறை இதே போன்ற ஒன்றைத் தருகிறது. சென்னையில் இருந்தபடி இணைய வழியே லண்டன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்க வேண்டியதும் இந்தச் சான்றிதழைத்தான், டிபிஎஸ்ஸை அல்ல.

சான்றிதழ் உங்கள் முகவரிக்கே, உங்கள் பெயருக்கு வரும். வந்ததும் முதலில் 'அப்டேட் சர்வீஸ்' எனப்படும் சேவையில் சேருங்கள். சான்றிதழ் வழங்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் சேர வேண்டும், தவறவிட்டால் புதிய சான்றிதழ் எடுத்த பின்தான் மறுபடி வாய்ப்பு. ஆண்டுக்கு 16 பவுண்டு. நாளை ஒரு பள்ளியோ இசை மையமோ இதே நிலையில் பிள்ளைகளுக்கான பணி ஒன்றை உங்களுக்குக் கொடுத்தால், உங்கள் அனுமதியோடு இணையத்தில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளும், மறுபடி 49 பவுண்டு போகாது.

பெற்றோர் கேட்டால் மூலப்பிரதியை நேரில் காட்டுங்கள். அதில் உங்கள் பிறந்த தேதியும் முகவரியும் இருப்பதால் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம். காட்டும்போது அவர்கள் சான்றிதழின் மேல் பகுதியை மட்டும் பார்த்துத் திருப்பித் தந்தால், தடைப் பட்டியல் கட்டத்தை நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

தாளைத் தாண்டி ஒன்றிரண்டு வழக்கங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எந்தச் சோதனையும் ஏற்கெனவே யாராவது புகார் செய்ததைத்தான் கண்டுபிடிக்கும். முன்னறைக் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் கூடவே உட்கார்ந்து வகுப்பைக் கேட்பது நம் மரபில் புதிதல்ல, அவர்கள் காரில் காத்திருப்பதுதான் இந்த ஊர்ப் பழக்கம். அதை மாற்றி உள்ளே அழைக்கலாம். தாளம் தப்பும் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தொடையில் போட்டுக் காட்டுவது நமக்கு இயல்பாக வருகிறது. அதை உங்கள் தொடையில் போட்டுக் காட்டி, பார்த்துச் செய்யச் சொன்னாலும் பாடம் நடக்கும், தொடத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். வகுப்பு நேர மாற்றம் முதலிய செய்திகளைப் பிள்ளையின் கைபேசிக்கு அனுப்பாமல் தாய் தந்தைக்கு அனுப்புங்கள். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, கவலை எழுந்தால் உள்ளூர் கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவையோ குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனமான என்எஸ்பிசிசியின் உதவி எண்ணையோ அழைக்கலாம் என்ற வரியையும் சேர்த்து, புதிதாகச் சேருபவர்களிடம் கொடுங்கள். தம்மைப் பற்றிப் புகார் செய்யும் வழியைத் தாமே எழுதிக் கொடுப்பது சங்கடமாகத்தான் இருக்கும். அந்தத் தாயார் அந்த ஒரு வரியைத்தான் முதலில் படிப்பார்.

சான்றிதழ் வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அவர் மகளைச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை. விண்ணப்பித்த தேதியைச் சொல்லி, வகுப்பு நேரம் முழுவதும் அவரையும் முன்னறையிலேயே உட்காரச் சொல்லுங்கள்.