கேள்வி–பதில்: விலை கொடுத்து வாங்கிய நிலமா?

கேள்வி: நியூசிலாந்தில் ஆங்கிலேயர்கள் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலத்தைப் பிடுங்கவில்லை, விலை கொடுத்து, பத்திரம் எழுதித்தான் வாங்கினார்கள். குடியேறியவர்கள் அவர்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு விதித்ததாகவும் படித்தேன். பிறகு எதற்கு இன்னும் இந்தப் புலம்பல்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பிடுங்கவில்லை என்பதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். 1863இல் ஒரு சட்டம் போட்டு, கலகக்காரர்களைத் தண்டிப்பதாகச் சொல்லி, வைக்காத்தோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. கலகத்துக்கே போகாதவர்களின் நிலமும் அதோடு போனது. சரி, நீங்கள் கேட்டது வாங்கிய நிலத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

கட்டுப்பாடு இருந்தது உண்மைதான். 1840 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் காலனியான நியூ சவுத் வேல்ஸின் கவர்னர் கிப்ஸ், அப்போது நியூசிலாந்தும் அவர் ஆளுகையில் சேர்க்கப்பட்டிருந்ததால், மாவோரிகளிடமிருந்து தனியார் வாங்கும் நிலத்துக்கு அரசின் ஒப்புதல் இல்லாமல் உரிமை கிடையாது என்று அறிவித்தார். அடுத்த மாதம் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான வைதாங்கி உடன்படிக்கையும், நிலத்தை விற்பதானால் அரசுக்குத்தான் விற்க வேண்டும் என்றது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிட்னியில் வென்ட்வொர்த் என்ற பெரும் நிலக்காரரும் கூட்டாளிகளும், தென் தீவு கிட்டத்தட்ட முழுவதையும் வாங்கிவிட்டதாக ஒரு பத்திரத்தோடு வந்து நின்றார்கள். கிப்ஸ் அதை ஏற்கவில்லை.

ஆனால் வாங்க ஒரே ஆள்தான் என்றால் விலையை யார் நிர்ணயிப்பார்? ஆக்லாந்தைப் பாருங்கள். 1840 அக்டோபரில் மாவோரிக் குலங்களில் ஒன்றான ஙாத்தி ஃபாத்துவா மக்களிடமிருந்து சுமார் 3,000 ஏக்கரை அரசு வாங்கியது. கொடுத்த ரொக்கம் 50 பவுன். அதோடு 50 கம்பளி, 20 கால்சட்டை, 20 சட்டை, 10 இரும்புப் பானை, 20 கைக்கோடாரி, ஒரு மூட்டை சர்க்கரை, ஒரு மூட்டை மாவு, இன்னும் சில சாமான்கள். ஆறே மாதத்தில் அதிலிருந்து வெறும் 44 ஏக்கரை ஏலம் விட்டு 24,000 பவுனுக்கு மேல் வசூலித்தார்கள். பாதுகாப்பு என்று நீங்கள் படித்த விதியின் உள்விவகாரம் இதுதான். அடிமாட்டு விலைக்கு வாங்கி, பல மடங்குக்கு விற்று, அந்த லாபத்தில் காலனியை நடத்துவது என்பதே அவர்களின் திட்டம். குடியேறியவன் ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். அரசை யார் பார்த்துக்கொள்வது?

விற்க விருப்பமில்லாதவர்கள் குத்தகைக்காவது விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டார்கள். வைராரப்பாவில் 1844 முதல் வெள்ளைக்கார ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்கு மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து மாவோரிகள் வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிலமும் கையில், வருமானமும் கையில். 1846இல் கவர்னர் ஜார்ஜ் கிரே கொண்டுவந்த சட்டம் அதையும் குற்றமாக்கியது. அபராதம் குத்தகைக்கு எடுத்தவனுக்கு. அந்தச் சட்டத்தைத் தலைக்கு மேல் தொங்கவிட்டே பேரம் பேசினார்கள். 1853இல் வைராரப்பாவில் கிரயப் பத்திரங்கள் எழுதப்பட்டன. நிலத்தை விற்காமலே பிழைக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு, ‘அவர்களாகவே விற்றார்கள்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தென் தீவில் 1848இல் ஙாய் தாஹு என்ற மாவோரிக் குலத்திடம் அரசுக்காகக் கெம்ப் என்ற அதிகாரி எழுதி வாங்கிய கெம்ப் பத்திரம் இன்னும் மோசம். அன்றைய கணக்கில் சுமார் 2 கோடி ஏக்கர். விலை 2,000 பவுன், அதுவும் தவணையில். குடியிருப்புகளையும் உணவு சேகரிக்கும் இடங்களையும் அவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று பத்திரத்திலேயே இருந்தது. கடைசியில் அளந்து கொடுத்தது 6,359 ஏக்கர்.

அப்புறம் 1860களில் அரசின் தனியுரிமையை விலக்கி, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார்கள். நிலைமை இன்னும் கெட்டது. 1865இல் வந்த நில நீதிமன்றம், ஊரே சேர்ந்து அனுபவித்த பொது நிலத்தை, பத்துப் பேருக்கு மிகாமல் பெயர் போட்டுப் பட்டாவாக்கித் தந்தது. மீதிப் பேர் காகிதத்திலிருந்து காணாமல் போனார்கள். ஹாக்ஸ் பே பகுதியின் ஹெரெதவுங்கா நிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பட்டாவில் பத்துப் பேர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்தார்கள். கடைக்காரரிடம் கடன் வைத்திருந்தவர் முதலில் மடங்கினார்; அவர் பங்கு போனதும் மற்றவர்களின் பிடி தளர்ந்தது. அரசாங்கத்துக்காகப் படை திரட்டிப் போருக்குப் போன ஹேனாரே தோமோவானாவும் கடனாளியாகித்தான் கையெழுத்துப் போட்டார். 1870இல் நிலம் கைமாறியது. புகார்கள் குவிந்து 1873இல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. நிலம் மட்டும் திரும்பவில்லை. சர்வே செலவு, கோர்ட் கட்டணம், வாரக்கணக்கில் டவுனில் தங்கிக் காத்திருந்த செலவு எல்லாம் நிலத்தின் தலையில்தான் விழுந்தது. தன் நிலம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கவே அதில் ஒரு பகுதியை விற்க வேண்டியிருந்தது, ஐயா.

ஆக, நிலம் போனது விதி இல்லாததால் அல்ல. விதி இறுகியபோதும் போனது, தளர்ந்தபோதும் போனது. இரண்டையும் எழுதியவர்கள் வாங்குகிற பக்கம் இருந்தார்கள்.

புலம்பல் என்கிறீர்கள். கெம்ப் பத்திரம் எழுதி ஒரே வருடத்தில், 1849இல், மத்தியாஹா தீராமோரேஹு என்ற ஙாய் தாஹு தலைவர் அரசுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். அவர் பேரன்மார் காலத்திலும் மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம், உடன்படிக்கை மீறல் பற்றிய மாவோரிகளின் புகார்களைக் கேட்கும் வைதாங்கி தீர்ப்பாயத்துக்குக் கிடைத்ததே 1985இல்தான். 1998இல் நியூசிலாந்து அரசு சட்டம் இயற்றி ஙாய் தாஹு மக்களிடம் மன்னிப்புக் கேட்டது, 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் இழப்பீடும் கொடுத்தது. வாங்கிய அரசே தவறு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நீங்கள் எதற்கு அதன் சார்பில் வாதாடுகிறீர்கள்?