போர்க்கால நினைவுகளை எழுதும்போது வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னால், எதை எழுதுவது?

எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்களும் இடப்பெயர்வுக்குள் வளர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தை விட்டு உடனே வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவு மழைக்குள் லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தது. நாங்கள் அப்புவை, அதாவது தாத்தாவை, வீட்டில் விட்டுத்தான் போனோம். அவர் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார் என்பது என் நினைவு. அக்கா ஒத்துக்கொள்ளமாட்டா. "அவரை ஆர் கேட்டது?" என்பா. இருந்தது ஒரு சைக்கிள், அதில் அரிசியும் உடுப்பும் ஏற்றியாகிவிட்டது, கேட்டால் கூட்டிப்போக வேண்டிவரும் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது அக்காவின் கதை. அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுவா. 1996 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது அப்பு உயிரோடு இல்லை.

இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் இரண்டையும் வைத்தேன். அம்மா எழுந்து போனதையும் வைத்தேன். அப்பு பேசியதாக ஒரு வசனம்கூடப் போடவில்லை. அவர் முகம் ஞாபகம் இருக்கிறது, சொன்ன சொற்கள் ஞாபகம் இல்லை. நானே ஒரு வசனத்தை உண்டாக்கிப் போட்டிருந்தால் வாசிக்கிறவர் என் பக்கம் சாய்ந்திருப்பார். அது அக்காவுக்குச் செய்கிற அநியாயம்.

பிறகு வாசித்து அறிந்ததை அன்றைய பிள்ளையின் கண்ணுக்குள் திணிக்கவும் வேண்டாம். எத்தனை லட்சம் பேர், இராணுவம் எதுவரை வந்துவிட்டது என்பதெல்லாம் அந்த வீதியில் எனக்குத் தெரியாது. அதை இன்றைய குரலில் தனிப் பந்தியாக எழுதலாம். தேதிகளை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள், அதில் நினைவுக்குச் சலுகை கிடையாது.

2009 முள்ளிவாய்க்காலோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு துயரமா என்று சிலர் கேட்பீர்கள். நான் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குடும்ப விஷயத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாய் என்று சித்தப்பாவே கோபித்துக்கொண்டார். அக்காவிடம் முழுவதையும் வாசிக்கக் கொடுத்து, சம்மதம் வாங்கித்தான் வெளியிட்டேன். அதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் அப்பா ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கொப்பியொன்றில் நாள்வாரியாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நினைவு மலர் போடுகிறோம் என்று ஒருவர் வந்து அதை வாங்கிப் போனார். மலரும் வரவில்லை, கொப்பியும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "பத்திரமாக இருக்கு" என்ற பதில்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு கிட்டத்தட்ட 97,000 நூல்களை எரியக் கொடுத்த சனம் நாங்கள். ஒரு கையெழுத்துக் கொப்பி போனால் திரும்பக் கிடையாது என்பதை எங்களுக்குள்ளேயே ஒருவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருப்பதுதான் வயிற்றெரிச்சல். அக்காவுக்கும் எனக்கும் உள்ள வழக்குக்கு அதில் ஒரு வரியாவது இருந்திருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், யார் கேட்டாலும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் படத்தை மட்டும் கொடுங்கள்.