அழிந்த செடி திரும்பி வருமா?

கேள்வி: எங்கள் வீட்டு வேலியோரத்தில் செவ்வரத்தை நாள் தவறாமல் பூக்கிறது. அதன் உறவுச் செடி ஒன்று ஹவாயில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் ட்ரோன் மூலம் மலைமுகத்தில் கண்டெடுக்கப்பட்டதாகப் படித்தேன். அழிந்தது எப்படித் திரும்பி வரும்? இனி அது பிழைக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது எங்கும் போகவில்லை, மனிதர் கால் எட்டாத பாறையில் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் படித்தது ஹிபிஸ்கடெல்பஸ் வூடியி என்னும் செடியைப் பற்றியது. அதன் பேரினப் பெயருக்கே செவ்வரத்தையின் சகோதரன் என்றுதான் பொருள். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒன்றான கவாய் தீவின் கலலாவு பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைச் சுவரொன்றில் 1991இல் தாவரவியலாளர் இதனை முதன்முதலாகக் கண்டபோது இருந்தவை நான்கே செடிகள். சில ஆண்டுகளுக்குள் சரிந்து விழுந்த பாறை மூன்றை நசுக்கிவிட்டது. எஞ்சிய ஒன்றும் 2011இல் பட்டுப்போய்க் காணப்பட்டது. ஒட்டுக்கட்டியும், தண்டு வெட்டி நட்டும், மகரந்தத்தைக் கையால் சேர்த்தும் பார்த்த முயற்சிகளில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. 2016இல் அழிந்த இனமாகப் பட்டியலிட்டார்கள். 2019இன் தொடக்கத்தில் அத்தீவிலுள்ள தேசிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவினர் அதே பள்ளத்தாக்கில் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம்பிடித்தபோது, பாறைமுகத்தில் மூன்று செடிகள் தென்பட்டன.

பூங்கன்றுக்குப் பாறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். மேயும் விலங்குகளே இல்லாத தீவில் முள்ளோ கசப்போ வேண்டாமல் வளர்ந்த செடிகளை, ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்து விட்ட ஆடுகள் மேய்ந்து தீர்த்தன. ஆடு ஏற முடியாத ஈரப் பாறைகளே பலவற்றுக்குக் கடைசிப் புகலிடமாயின. பூவிலும் ஒரு துயரம் இருக்கிறது. செவ்வரத்தையைப் போல் அகல விரியாமல் வளைந்த குழலாகவே நின்று, மஞ்சளாகப் பூத்து, முதிர முதிரக் கருஞ்சிவப்பாகும் அதன் வடிவம் வளைந்த அலகுள்ள தேன்குடிக்கும் பறவைகளுக்கே ஏற்றது. அப்பறவைகளில் பலவோ வெளியிலிருந்து வந்த நுளம்புகள் பரப்பிய பறவை மலேரியாவால் மடிந்துபோயின.

இத்தகைய கண்டுபிடிப்பு நமக்கும் புதிதன்று. 2012இல் நம் நாட்டுச் செம்பட்டியலில் அழிந்ததாகக் குறிக்கப்பட்ட க்ருடியா சைலானிக்கா என்னும் மரம், கொழும்புக்கு அருகே கம்பஹாவில் 2019இல் கண்டறியப்பட்டது. அதிவேகப் பாதைக்காக அதனை வெட்ட முற்பட்டபோது, 2021இல் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தே தடுத்தார்கள். சமதரையில் நின்ற மரத்துக்கே இந்த நிலை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என்னால் நம்பிக்கையான பதில் தர இயலவில்லை. மூன்று செடிகள் என்பது ஒரு பாறைச் சரிவுக்குப் போதாது என்பதை முன்னரே பார்த்தோம். ஆயினும், ட்ரோனில் தொங்கும் வெட்டுக்கருவியால் பாறைமுகச் செடிகளிலிருந்து தண்டும் விதையும் எடுக்கும் முறையை இப்போது கவாயில் உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி எடுத்த துண்டொன்று நாற்றுமேடையில் வேர்விடுமானால், முன்பு பலிக்காத முயற்சி அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.