பாட்டு எட்டு, சொந்தக்காரர் எத்தனை?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் நாலு பேர் ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். தறிச் சத்தத்தில் வீட்டில் மைக் வைக்க வழியில்லாமல், டிரம்மரின் மாமாவுக்கு ஏற்காட்டில் இருக்கும் வீட்டில் ஒரு வாரம் தங்கி எட்டுப் பாட்டு ரெக்கார்ட் செய்தோம். பாதிச் செலவு மாமாவுடையது. கம்பெனிகள் பதிலே போடவில்லை. நாங்களே ஆல்பமாக வெளியிடலாமா? ஐந்து பாட்டுக்கு வரி எழுதிய நண்பன் இப்போது எங்களோடு பேசுவதில்லை, அதனால் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாக வெளியிடுங்கள் தம்பி. ஏற்காடு ரோட்டில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தானே மலை ஏறினீர்கள்? 1930களிலேயே டி.ஆர்.சுந்தரம் இந்த ஊரில் அந்த ஸ்டுடியோவைப் போட்டுப் படம் எடுத்தார், நீங்கள் எட்டுப் பாட்டுக்குப் போய் கம்பெனி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஆனால் கடைசியில் போகிற போக்கில் கேட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. வரி எழுதியவனுக்கு வரி, மெட்டுப் போட்டவனுக்கு மெட்டு, ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னொரு உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த மூன்றாவது, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவை நடத்தியவருக்குப் போகும். மாமா கொடுத்தது கடனா, பங்கா, அன்பளிப்பா? பாட்டு ஓடிய பிறகு இதைப் பேசினால் குடும்பச் சண்டையாகிவிடும், இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பன் அன்றைக்கு "எடுத்துக்கோடா" என்று சொல்லியிருப்பான், அது செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான், எனவே இரண்டையும் தெளிவாகப் போடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டியில் அவனுக்குச் சேர வேண்டிய சம பங்கை அவனே நினைத்தாலும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். பேரம் பேச அல்ல, மன்னிப்புக் கேட்க. (சண்டை எதற்கு என்று நீங்கள் எழுதவே இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.) மசியவே மாட்டேன் என்றால் மற்ற மூன்று பாட்டை முதலில் விடுங்கள், மெட்டு உங்களுடையதென்றால் மீதிக்குப் புது வரி எழுதிக்கொள்ளலாம்.

காசு பெரிதாக வராது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை. எட்டையும் ஒரே ராத்திரியில் கொட்டினால் நாலாவதுக்கு மேல் யாரும் போக மாட்டார்கள், ஒவ்வொன்றாக விடுங்கள். பாட்டை ஏற்றித் தரும் சில நிறுவனங்களில் வருடச் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும், சேரும்முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆசைப்பட்டு ஆயிரம் சிடி அடித்துவிடாதீர்கள். கல்லூரிக் காலத்தில் நானும் 500 கேசட் போட்டவன். முந்நூறு இன்னும் பரணில் கிடக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள்.