பருவ வயதில் முதுகுத்தண்டு வளைவது ஹார்மோன் கோளாறாலா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு 22 டிகிரி வளைந்திருக்கிறது என்கிறார்கள். இன்னும் வயசுக்கு வரவில்லை. ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மாத்திரையில் சரியாகுமா?

பதில்: இந்த வயதில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹார்மோன் கோளாறு காரணமாக இருப்பதில்லை. வளைவைத் தொடங்கி வைப்பது எது என்பது மருத்துவத்துக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது மட்டும் உறுதி. ஆனால் தொடங்கிய வளைவு எவ்வளவு வேகமாக, எதுவரை கூடும் என்பது பிள்ளையின் வளர்ச்சியைப் பொறுத்தது. அந்த வளர்ச்சியை முடுக்கிவிடுவதும் நிறுத்துவதும் ஹார்மோன்கள். அதனால் இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, உங்கள் மகள் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

ஈஸ்ட்ரோஜனை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கும்போது அது கொஞ்சமாகச் சுரக்கும். அந்தச் சிறு அளவு வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிப் பிள்ளையை விறுவிறுவென்று உயர வைக்கும். பிறகு அளவு கூடக் கூட, அதே ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை, அதாவது எலும்பு நீள்வதற்குக் காரணமான முனைப் பகுதிகளை, மூடிவிடும். ஆண்களுக்கும் இதே கதைதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனை உடம்பு உணர்ந்துகொள்ளும் புரதம்) வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994இல் மருத்துவ உலகம் அறிந்தது. 28 வயதில் அவர் உயரம் 204 செ.மீ., எலும்பின் வயதோ 15தான். வளர்ச்சித் தட்டுகள் மூடாமல் அப்படியே இருந்தன.

முதுகு வளைவுக்கு ஆபத்தான காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பெண் பிள்ளைகள் பொதுவாக 11, 12 வயதில் ஆண்டுக்கு 8 செ.மீ. வேகத்தில் வளர்வார்கள். முதல் மாதவிடாய் வருவது அந்த உச்சம் தாண்டி ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து. ஆக, "இன்னும் வயசுக்கே வரலையே, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் கேட்காதீர்கள். வயசுக்கு வருவதற்கு முந்தைய வருடம்தான் வளைவு அதிகம் ஓடும் வருடம். வயசுக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் என்பதும் சரியில்லை. அதன் பிறகும் 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள்.

எக்ஸ்ரே அறிக்கையில் 'ரிஸ்ஸர்' என்று ஓர் எண் இருக்கும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 5 வரை சொல்லும் அளவு அது. 1984இல் வெளியான, இன்றும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வின்படி, 20 முதல் 29 டிகிரி வளைவும் ரிஸ்ஸர் 0 அல்லது 1உம் உள்ள பிள்ளைகளில் 68 சதவீதத்தினருக்கு வளைவு கூடியது. அதே வளைவு, ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை என்றால் 23 சதவீதம்தான். உங்கள் மகள் அநேகமாக முதல் கூட்டத்தில் வருகிறாள். அதனால் "ஒரு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்" என்பது அவளுக்குப் பொருந்தாது. நாலு மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே பாருங்கள். 25 டிகிரியைத் தொட்டாலோ, 5 டிகிரிக்கு மேல் கூடினாலோ பிரேஸ் (வளைவு கூடாமல் தடுக்க உடம்பில் அணியும் கவசம்) பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. எக்ஸ்ரேயில் கோணத்தை அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்னே பின்னே வரலாம். 22 என்பது 24 ஆனதற்குப் பதற வேண்டாம்.

ரிஸ்ஸரில் ஒரு குறை உண்டு. வளர்ச்சியின் உச்சம் கடந்து போகும்வரை அது 0 என்றே காட்டும். இடது கையின் எக்ஸ்ரேயில் விரல் எலும்புகளைப் பார்த்துச் சொல்லும் சாண்டர்ஸ் நிலை இந்தக் காலத்தை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். அதையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது உயரத்தைக் குறித்து வைப்பது. காலையில் எழுந்த சற்று நேரத்துக்குள் அளங்கள். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ஒரு செ.மீ. போல உயரம் குறைந்துவிடும். செருப்பில்லாமல், குதிகாலும் பின்புறமும் சுவரில் படும்படி நிறுத்தி, பார்வை நேராக இருக்க, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்கோணமாக வைத்துக் கோடு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வந்த வித்தியாசத்தை நாலால் பெருக்கினால் ஆண்டு வேகம் கிடைக்கும். வாரா வாரம் அளந்தால் அளவில் வரும் சிறு பிழையே பெரிய வளர்ச்சியாகத் தெரியும். ஸ்டூலில் உட்கார வைத்தும் அளந்து, ஸ்டூலின் உயரத்தைக் கழித்து எழுதுங்கள். கால்களின் வேகம் முதலில் அடங்கும், உடம்பின் மேல்பாதி அதன் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும். பாவாடை நீளம் மாறவில்லை என்பதால் வளர்ச்சி முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் ஹார்மோன் குறைவதால்தான் முதுகு வளைகிறது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். 1959இல் கோழிக்குஞ்சுகளின் மூளையில் மெலடோனினைச் சுரக்கும் பினியல் சுரப்பியை எடுத்தபோது முதுகு வளைந்தது. அதிலிருந்து வந்த எண்ணம் அது. குரங்குகளுக்கு அதையே செய்தபோது வளையவில்லை. வளைவு உள்ள பிள்ளைகளின் இரத்தத்திலும் மெலடோனின் குறைவு என்று சீராக நிரூபணமாகவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்பின் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் கதை இன்னும் ஆய்வுக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதையொட்டி ஒன்றைக் கவனிக்கலாம்: வளைவு உள்ள பெண் பிள்ளைகள் சராசரியைவிட ஒல்லியாகவும், எலும்பு அடர்த்தி குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 1986இல் அமெரிக்க பாலே கலைஞர்கள் 75 பேரைப் பார்த்ததில் 24 சதவீதத்தினருக்கு வளைவு இருந்தது. பூப்பு தாமதமானவர்களிடம் அது அதிகம். குறைவாகச் சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்யும்போது ஈஸ்ட்ரோஜன் தாமதமாகிறது, தட்டுகள் மூடாமல் வளரும் காலம் நீள்கிறது என்பது ஒரு விளக்கம். உங்கள் மகள் நடனமோ ஜிம்னாஸ்டிக்ஸோ செய்தால் நிறுத்த வேண்டியதில்லை, வயிறாரச் சாப்பிட வையுங்கள்.

ஹார்மோன் பரிசோதனை எப்போது தேவை? 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, வந்து நின்றுவிட்டது, வயதுக்கு மிகவும் குள்ளமாக இருக்கிறாள், அல்லது 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கியது என்றால் தேவை. குள்ளமான பெண் பிள்ளைகளில் டர்னர் நோய்க்குறி (ஒரு X குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவி நிலை) இருக்கலாம். அதில் முதுகு வளைவும் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடும் பிள்ளை என்றால், உயரம் வேகமாகக் கூடும்போது இருக்கிற வளைவும் வேகமாகக் கூடலாம். இரண்டு டாக்டர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வளைவை நிறுத்துவதற்கென்று ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துத் தட்டுகளைச் சீக்கிரம் மூடுவது சிகிச்சையே இல்லை. யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பிரேஸ் என்று முடிவானால் மணிக்கணக்குதான் எல்லாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு, போடாதவர்களில் 48 சதவீதத்தினருக்கு வளைவு 50 டிகிரிக்குப் போகாமல் நின்றது. நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. இராத்திரி மட்டும் போட்டால் அந்தக் கணக்கு எட்டாது. பள்ளி நேரத்திலும் கொஞ்சம் போட வேண்டியிருக்கும். பிரேஸை எப்போது கழற்றுவது என்பதற்கும் அதே உயரக் குறிப்பு வேண்டும்: ஆறு மாதமாக உயரம் கூடவில்லை, ரிஸ்ஸர் 4, வயசுக்கு வந்து ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்ற நிலையில் படிப்படியாக நிறுத்துவார்கள். சடங்கு வைத்த தேதியைச் சொல்லாமல் முதல் மாதவிடாய் வந்த தேதியைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

தம்பி இருந்தால் அவன் முதுகையும் பாருங்கள்: பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், உள்ளங்கைகளை ஒட்டித் தொங்கவிட்டு மெதுவாகக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து விலாவில் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியின் உச்சம் 13, 14 வயதில்தான் வரும், 16 வயதுக்கு மேலும் நீளும். குரல் உடைந்துவிட்டது என்பதற்காகப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம்.