'வேண்டாம்' என்றால் இன்னொரு தரம் கேட்பார்களா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் 'வேண்டாம்' என்று வாக்களித்தால், 'சரி' என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு நடத்துவார்களாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை 1992 ஜூனில் டென்மார்க் மக்கள் 50.7 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள், அடுத்த மே மாதம் மறுபடி கேட்டபோது 56.7 சதவீதம் பேர் சரி என்றார்கள். அயர்லாந்தில் இதே கதை இரண்டு தடவை நடந்தது: நீஸ் உடன்படிக்கைக்கு 2001, 2002, லிஸ்பனுக்கு 2008, 2009. ஆனால் கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பேரம் நடந்தது. யூரோ நாணயத்திலிருந்தும் ராணுவ ஒத்துழைப்பிலிருந்தும் டென்மார்க் விலக்கு வாங்கிக்கொண்டது, அங்கே இன்றும் குரோன்தான். (ராணுவ விலக்கை மட்டும் 2022-இல் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து அவர்களே கைவிட்டார்கள்.)

எனக்கு உறுத்துவது 2005தான். ஐரோப்பிய அரசமைப்பு உடன்படிக்கையை பிரான்சில் 55, நெதர்லாந்தில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. அதிலிருந்த பெரும்பாலான விஷயங்களை லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயரில் கொண்டுவந்து, இரு நாடாளுமன்றங்களிலும் நிறைவேற்றிவிட்டார்கள். திரும்பக் கேட்பதைவிட, கேட்காமலே விட்டதுதான் மோசம் என்பேன். லிஸ்பனுக்கு அயர்லாந்தில் மட்டும் வாக்கெடுப்பு நடந்ததற்குக் காரணம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1987 தீர்ப்பு: ஒன்றிய உடன்படிக்கைகளில் பெரிய மாற்றம் வந்தால் அரசமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும்.

கேள்வி: எல்லா நாட்டு மக்களும் ஒரே நாளில் வாக்களித்துவிட்டால் தீர்ந்ததே?

பதில்: அதற்கு உடன்படிக்கைகளில் இடமே இல்லை. உடன்படிக்கையைத் திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் அரசமைப்பு விதிப்படி தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு நாடு மறுத்தாலும் நின்றுவிடும். சரி, விதியை மாற்றிவிடலாம், ஆனால் எண்ணுவது எப்படி? தலைக்கணக்கு என்றால் எட்டு கோடிப் பேர் உள்ள ஜெர்மனிக்கு முன்னால் சில லட்சம் பேர் உள்ள மால்டா எடுபடாது. சுவிட்சர்லாந்தில் அரசமைப்புத் திருத்தத்துக்கு நாடு முழுவதும் பதிவான வாக்குகளிலும் பெரும்பான்மை வேண்டும், மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். அந்த முறை எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அதில் தோற்கும் மாநிலம் முடிவுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், அதற்குத் தயாராக எத்தனை நாடுகள் இருக்கும்?

இப்போதைக்கு இருப்பது 2012 முதல் நடைமுறையில் உள்ள குடிமக்கள் முன்முயற்சி. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் கையெழுத்து சேர்த்தால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்ல வேண்டும், சட்டம் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. குடிநீர் உரிமைக்காகப் பதினாறு லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்தார்கள், ஆணையம் 2014-இல் பதில் சொன்னது. குடிநீர் சட்டம் திருத்தப்பட்டபோது ஆண்டு 2020.